காற்றோட்டக் கணிப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்? டர்பன் மண்டபம் ஒன்றை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

தென்னாப்பிரிக்காவில் தைப்பூசம் நடுக்கோடையில் வருகிறது. டர்பனின் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் கோயிலை ஒட்டி நிற்கும் மண்டபங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள்: செங்கல் சுவர், தகட்டுக் கூரை, சுவரின் மேல்வரிசையில் லூவர் சன்னல்கள், கூரை முகட்டில் காற்றுக்குச் சுழலும் வர்லிபேர்டுகள். காவடி இறக்கிய கூட்டம் அன்னதானத்துக்கு அமரும்போது உள்ளே நிலவும் புழுக்கத்தைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகக் குழு முடிவெடுத்தால், இன்று முதலில் நடப்பது கணினிக் கணிப்புதான். பொறியாளர் சிவப்பும் நீலமுமாக ஒரு படத்தைக் காட்டி, 'சன்னலை இப்படி மாற்றினால் உள்ளே 31.4 டிகிரி இருக்கும்' என்கிறார். அந்த எண்ணின் பிழை வரம்பு அரை டிகிரியா, நான்கு டிகிரியா என்பதைப் படம் சொல்வதில்லை. குழுவின் பணமோ அந்தப் பதிலை நம்பித்தான் செலவாகப் போகிறது.

காற்று, நீர் போன்ற பாய்மங்களின் இயக்கச் சமன்பாடுகள் நம்பத்தக்கவை. அவற்றைத் தீர்க்கும் மென்பொருள்களும் பெரும்பாலும் நல்ல நிலையில் உள்ளன. அறைக் காற்றோட்டக் கணிப்புகள் பொய்த்துப்போவது மிகுதியும் நாம் உள்ளே கொடுக்கும் தகவல்களால்தான்: கூரையின் வெப்பநிலை, சன்னலின் உண்மையான திறப்பு, அன்றைய காற்று. ஆகவே துல்லியத்தை உறுதி செய்வது என்பது, ஒவ்வொரு விடையோடும் அதன் பிழை வரம்பைக் கண்டுபிடித்து, அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்றும் அறிந்துகொள்வதே ஆகும். இந்த வழிகாட்டி அந்த வேலையை வரிசைப்படி விளக்குகிறது. பாய்மவியலின் அடிப்படை தெரிந்த மாணவர்களையும், கட்டடப் பணிகளில் கணிப்பு அறிக்கைகளைப் படிக்க நேர்கிறவர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: எந்த எண் வேண்டும் என்று எழுதிவையுங்கள்

'காற்றோட்டம் நன்றாக இருக்கிறதா' என்பது கணினிக்குக் கொடுக்கத்தக்க கேள்வி அன்று. மண்டபம் முழுவதற்குமான காற்று மாற்ற அளவு வேண்டுமா, அமர்ந்திருப்பவரின் தலைமட்ட வெப்பநிலை வேண்டுமா, ஒரு குறிப்பிட்ட மூலையில் காற்றின் வேகம் வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். இம்மூன்றையும் ஒரே கணிப்பு ஒரே துல்லியத்தில் தராது. மொத்தக் காற்றளவும் சராசரி வெப்பநிலையும் ஓரளவு எளிதில் சரியாக வரும்; ஒரு புள்ளியில் உள்ள வேகம், அதுவும் நொடிக்கு 0.1 மீட்டர் அளவிலான மந்தமான காற்றின் வேகம், மிகவும் கடினம்.

இந்த நாட்டில் இக்கேள்வி உயிரோடு தொடர்புடையது. குவாசுலு-நட்டாலின் டுகேலா ஃபெரி ஊரில் 2005, 2006 ஆண்டுகளில் மருந்துகளுக்குக் கட்டுப்படாத கடுமையான காசநோய் கண்டறியப்பட்ட 53 பேரில் 52 பேர் இறந்தனர். அதன் பின் மருத்துவமனைக் காத்திருப்பு அறைகளின் காற்றோட்டம் நோய்த்தடுப்பின் ஒரு பகுதியாகவே பார்க்கப்படுகிறது. காற்றுவழி நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் அறைகளில் இயற்கைக் காற்றோட்டம் ஒரு நோயாளிக்கு நொடிக்குச் சராசரியாக 160 லிட்டர் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் கூறியது. அத்தகைய அறைக்கு 170 என்று வரும் கணிப்பின் பிழை வரம்பு கூட்டல் கழித்தல் 60 என்றால், அந்த விடையை வைத்து எந்த முடிவும் எடுக்க இயலாது. வேண்டிய எண் எது என்பதோடு, எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பதையும் இந்த முதல் படியிலேயே எழுதிவிடுங்கள்.

இரண்டாம் படி: கணினியைத் திறக்கும் முன் கையால் ஒரு கணக்கு

இந்தப் படியைத் தவிர்ப்பவர்களே மிகுதி. என்னைக் கேட்டால், எல்லாப் படிகளிலும் அதிகப் பயன் தருவது இதுதான்.

மண்டபம் 20 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் சராசரியாக 4 மீட்டர் உயரமும் உள்ளது என்று கொள்வோம். தரைப்பரப்பு 240 சதுர மீட்டர், கொள்ளளவு 960 கன மீட்டர். தென்னாப்பிரிக்கக் கட்டட விதிகளில் சான்ஸ் 10400 தொகுப்பின் 'ஓ' பகுதி, இயற்கைக் காற்றோட்டத்துக்குத் தரைப்பரப்பில் 5 விழுக்காடு திறப்பு கேட்கிறது. அதன்படி 12 சதுர மீட்டர் வருகிறது. அதில் பாதி கீழே, பாதி மேலே, இரண்டின் நடுமட்டங்களுக்கும் இடையே 2 மீட்டர் உயர வேறுபாடு என்று வைப்போம். வெயில் தணிந்த மாலை நேரம், காற்று அசையவில்லை, 120 பேர் அமர்ந்திருக்கிறார்கள். அமைதியாக அமர்ந்திருப்பவர் காற்றுக்கும் சுற்றுப்புறத்துக்கும் தரும் உணர்வெப்பம் (வியர்வை ஆவியாவதோடு போவது நீங்கலான வெப்பம்) சுமார் 70 வாட். மொத்தம் 8,400 வாட்.

உள்காற்று வெளிக்காற்றைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால், 2 மீட்டர் உயரத்தில் எழும் அழுத்த வேறுபாடு காற்றின் அடர்த்தி 1.2, புவியீர்ப்பு 9.81, உயரம் 2 ஆகியவற்றின் பெருக்கத்தை 300 கெல்வினால் வகுத்தால் கிடைக்கும்: 0.078 பாஸ்கல். இரண்டு திறப்புகளும் வரிசையில் இருப்பதால் அவற்றின் கூட்டுப் பரப்பு, ஆறை இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த 4.24 சதுர மீட்டர். திறப்பின் வெளியேற்றக் கெழு (தடையற்ற ஓட்டத்தில் எவ்வளவு பங்கு உண்மையில் போகிறது என்பது) 0.6. இவற்றை வைத்துக் கணக்கிட்டால், காற்றளவு நொடிக்கு 0.92 கன மீட்டரை வெப்பநிலை வேறுபாட்டின் வர்க்கமூலத்தால் பெருக்கியதற்குச் சமம். அந்தக் காற்று 8,400 வாட்டை வெளியே எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால், விடை கிடைத்துவிடுகிறது: உள்ளே வெளியைவிட 3.9 டிகிரி சூடு. காற்றளவு நொடிக்கு 1.81 கன மீட்டர். அதாவது மணிக்கு 6.8 காற்று மாற்றங்கள், ஆளுக்கு நொடிக்கு 15 லிட்டர்.

இந்தக் கணக்கு உள்காற்று முழுதும் கலந்துவிட்டதாகக் கொள்கிறது. சுவர்கள் வெப்பத்தை உறிஞ்சுவதை விட்டுவிடுகிறது. ஆயினும் கணினி 12 டிகிரி என்றோ 0.5 டிகிரி என்றோ சொன்னால், எங்கோ அலகு மாறியிருக்கிறது அல்லது ஒரு எல்லை தவறாகக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

கைக்கணக்கு இன்னொன்றையும் காட்டுகிறது. 3.9 டிகிரிக்குரிய அழுத்தம் வெறும் 0.3 பாஸ்கல். நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசும் மெல்லிய காற்றின் இயக்க அழுத்தமே 0.6 பாஸ்கல். ஆகவே 'காற்று அசையவில்லை' என்ற ஓர் எடுகோள், கணிப்பின் மற்ற எல்லா நுணுக்கங்களையும்விடப் பெரியது. அடுத்ததாகத் திறப்பின் பரப்பைப் பாருங்கள். வரைபடத்தில் 12 சதுர மீட்டர் என்று இருப்பது, நேரில் போய்ப் பார்த்தால் பர்க்லர் கார்டு கம்பிகளும், கொசுவலையும், வண்ணம் பூசிப் பூசி முழுதாகத் திறக்க மறுக்கும் லூவர் கண்ணாடிகளுமாக இருக்கும். பயனுறு பரப்பு 60 விழுக்காடாகக் குறைந்தால் வெப்பநிலை வேறுபாடு 3.9இலிருந்து 5.4 டிகிரியாக உயர்கிறது. ஆளுக்கு 15 லிட்டர் என்றிருந்தது 11க்குக் கீழே போய்விடுகிறது. மீட்டர் நாடாவை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சன்னலாகத் திறந்து அளப்பதற்கு ஒரு காலைப்பொழுது போதும். அந்தக் காலைப்பொழுது தரும் துல்லியத்தை எந்த விலையுயர்ந்த மென்பொருளும் தராது.

மூன்றாம் படி: விடை தெரிந்த கணக்குகளில் மென்பொருளைச் சோதியுங்கள்

நீங்கள் இலவசமான ஓபன்ஃபோமைப் பயன்படுத்தினாலும் உரிமம் வாங்கிய வணிக மென்பொருளைப் பயன்படுத்தினாலும், உங்கள் கையில் அது சரியாக ஓடுகிறதா என்பதைச் சோதித்தாக வேண்டும். இந்தச் சோதனை மென்பொருளைவிட அதை இயக்குபவருக்கே முதன்மையானது. மூன்று கணக்குகளைப் பரிந்துரைக்கிறேன்.

முதலாவது, ஒரு பக்கம் சூடும் எதிர்ப்பக்கம் குளிர்ச்சியும் கொண்ட சதுர அறை. இதற்கு டி வால் டேவிஸ் 1983இல் வெளியிட்ட எண்கள் இன்றளவும் உரைகல்லாக உள்ளன: ரேலே எண் (வெப்பம் காற்றை எவ்வளவு வலுவாக உந்துகிறது என்பது) பத்தாயிரம் என்றால் சராசரி நஸ்ஸெல்ட் எண் (காற்று அசையாதபோது கடத்தப்படுவதைப் போல் எத்தனை மடங்கு வெப்பம் செல்கிறது என்பது) 2.24, பத்து லட்சம் என்றால் 8.80. இதில் கொந்தளிப்பு, அதாவது ஒழுங்கற்ற சுழலோட்டம், இல்லை. ஆகவே ஒரு விழுக்காட்டுக்கு மேல் விலகினால் வலையிலோ (கணக்குக்காக அறையைப் பிரிக்கும் சிறு கண்ணறைகளின் தொகுதி) அமைப்பிலோ தவறு இருக்கிறது.

இரண்டாவது, காற்றுத்தாரை பாயும் அறை. அறைக் காற்றைக் கணினியில் தீர்க்கும் முயற்சியை 1974இல் தம் முனைவர் ஆய்வாகவே செய்த டென்மார்க்கின் பீட்டர் நீல்சன், பின்னர் பன்னாட்டு ஆற்றல் முகமையின் இருபதாம் இணைப்புத் திட்டத்துக்காக ஒரு சோதனைக் கணக்கை வகுத்தார். 9 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம். கூரையை ஒட்டி 0.168 மீட்டர் உயரமுள்ள பிளவின் வழியே நொடிக்கு 0.455 மீட்டர் வேகத்தில் காற்று நுழைகிறது; எதிர்ச்சுவரின் அடியில் 0.48 மீட்டர் திறப்பில் வெளியேறுகிறது. லேசர் கருவியால் அளந்த வேகங்கள் கிடைப்பதால் ஒப்பிடுவது எளிது. கூரையை ஒட்டிய தாரை நன்றாகப் பொருந்துவதையும், அறையின் மூலைகளில் பொருத்தம் குறைவதையும் நீங்களே காண்பீர்கள். உங்கள் மண்டபத்தின் மூலைகளைப் பற்றி எவ்வளவு அடக்கமாகப் பேச வேண்டும் என்பதற்கு அது நல்ல அளவுகோல்.

மூன்றாவது, பெட்ஸும் பொக்காரியும் 2000இல் வெளியிட்ட உயரமான குறுகிய குழியின் அளவீடுகள்: உயரம் 2.18 மீட்டர், அகலம் 0.076 மீட்டர், சுவர்களுக்கிடையே 19.6, 39.9 டிகிரி என இரண்டு வேறுபாடுகள். வெப்பத்தால் எழும் கொந்தளிப்பை உங்கள் மாதிரி (கொந்தளிப்பைத் தோராயமாகக் கணிக்கும் சமன்பாட்டுத் தொகுதி) எப்படிக் கையாள்கிறது என்பது இதில் தெரியும்.

நான்காம் படி: வலையின் பிழையை எண்ணால் சொல்லுங்கள்

'மெஷ்ஷை நுணுக்கமாக்கிப் பார்த்தேன், பெரிய மாற்றம் இல்லை' என்ற வாக்கியம் அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. அது போதாது. ரோச் 1994இல் முன்வைத்த வலைக் குவிவுக் குறியீடு இதற்கென்றே உள்ளது. மூன்று வலைகள் தேவை, அடுத்தடுத்த வலைகளின் அளவு விகிதம் 1.3க்கு மேல் இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, 3 லட்சம், 10 லட்சம், 33 லட்சம் கண்ணறைகள் கொண்ட மூன்று வலைகளில் மண்டபத்தின் வெப்பநிலை உயர்வு முறையே 4.9, 4.3, 4.0 டிகிரி என்று வந்ததாகக் கொள்வோம். நீளவாட்டில் விகிதம் சுமார் 1.49. முதல் மாற்றம் 0.6, அடுத்தது 0.3, மாற்றம் பாதியாகக் குறைகிறது என்பதால் கணிப்பின் துல்லிய வரிசை (வலை நுணுகும்போது பிழை எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் காட்டும் அடுக்கு) 1.74 என்று கிடைக்கிறது. பாதுகாப்புக் காரணி 1.25 என்று எடுத்தால், நுண்வலையின் பிழை வரம்பு 9.4 விழுக்காடு, அதாவது கூட்டல் கழித்தல் 0.4 டிகிரி. 'பெரிய மாற்றம் இல்லை' என்பதைவிட இது எவ்வளவு பயனுள்ள செய்தி என்று பாருங்கள். மூன்று விடைகளும் ஒரே திசையில் நகராமல் ஏறி இறங்கினால், இந்தச் சூத்திரத்தைப் பொருத்தக் கூடாது. வலை இன்னும் கரடாக இருக்கிறது என்றே பொருள்.

சுவரை ஒட்டிய முதல் கண்ணறையைத் தனியே கவனியுங்கள். சுவரருகு ஓட்டத்தைத் தீர்க்காமல் சூத்திரத்தால் நிரப்பும் சுவர்ச் சார்புகளைப் பயன்படுத்தினால், சுவரிலிருந்து அந்தக் கண்ணறைக்கு உள்ள, ஒய்-பிளஸ் என்னும் பரிமாணமற்ற தொலைவு 30க்கும் 300க்கும் இடையே இருக்க வேண்டும். சுவர் வரை முழுதாகத் தீர்த்தால் அது 1 அளவில் இருக்க வேண்டும். அறைகளில் காற்று மெல்ல நகர்வதால் பல இடங்களில் அது இரண்டுக்கும் நடுவே, எதற்கும் பொருந்தாத மதிப்பில் விழுந்துவிடும். வேகத்தில் இதனால் வரும் பிழை சிறிது. சுவருக்குச் செல்லும் வெப்பத்தில் வரும் பிழை பெரிது. வெப்பப் பரிமாற்றம்தான் உங்கள் கேள்வி என்றால் சுவர் வரை தீர்ப்பதே சரி.

கணக்கு முடிந்ததா என்பதை எச்சப் பிழைகளின் (சமன்பாடுகள் இன்னும் எவ்வளவு நிறைவேறவில்லை என்பதன்) வரைகோட்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உள்ளே வந்த வெப்பமும் வெளியே போன வெப்பமும் ஒரு விழுக்காட்டுக்குள் பொருந்த வேண்டும். நீங்கள் கவனிக்கும் எண் நிலைபெற வேண்டும். வெப்பத்தால் எழும் ஓட்டங்கள் பல வேளைகளில் நிலையான தீர்வுக்கு வராமல் ஊசலாடும். அப்போது காலத்தோடு மாறும் கணிப்பாக ஓட்டிச் சராசரி எடுக்க வேண்டும். சமன்பாடுகளின் நகர்வுப் பகுதிக்கு (காற்று தன்னோடு வெப்பத்தையும் வேகத்தையும் சுமந்து செல்வதைக் குறிப்பது), காற்று வரும் பக்கத்துக் கண்ணறையின் மதிப்பையே எடுக்கும் முதல்தர அப்வின்ட் முறையைக் கடைசி வரை விட்டுவைப்பதும் தவறு; அது தாரையைச் செயற்கையாகக் கரைத்துவிடும்.

ஐந்தாம் படி: கொந்தளிப்பு மாதிரி

லாண்டரும் ஸ்பால்டிங்கும் 1974இல் நிலைநிறுத்திய வழக்கமான கே-எப்சிலான் மாதிரி இன்றும் எங்கும் பயன்படுகிறது. அறைக் காற்றோட்டத்தில் அதன் ஆர்என்ஜி வடிவம் ஒப்பீட்டு ஆய்வுகளில் நல்ல பெயர் எடுத்திருக்கிறது. சுவர் வெப்பத்துக்கு மென்ட்டர் 1994இல் தந்த எஸ்எஸ்டி மாதிரியைப் பலர் விரும்புகிறார்கள். எது சிறந்தது என்ற விவாதத்தில் நேரத்தைச் செலவிடுவதைவிட, ஒரே வலையில் இரண்டு மாதிரிகளையும் ஓட்டி, விடைகளுக்கு இடையேயுள்ள வேறுபாட்டை அறிக்கையில் எழுதுங்கள் என்பது என் அறிவுரை.

ஒரே ஒரு விதிவிலக்கை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒரு பக்கத்தில் மட்டும் சன்னல் உள்ள அறையில் காற்று மாறுவது பெரும்பாலும் காற்றின் ஏற்ற இறக்கத்தால்தான். சராசரியை மட்டும் தீர்க்கும் மாதிரிகள் அந்த ஏற்ற இறக்கத்தையே அழித்துவிடுவதால், காற்றளவைத் தவறாகக் காட்டும். அங்கே பெரிய சுழல்களைக் காலத்தோடு நேரடியாகத் தீர்க்கும் பெருஞ்சுழல் கணிப்பு தேவை. அதற்கு வசதியில்லை என்றால் அந்த அறையை நேரில் அளப்பதே மலிவு.

ஆறாம் படி: கூரையும் கதிர்வீச்சும்

டர்பனில் பகல்நேர மண்டபத்தைக் கணிக்கும்போது மிகப் பெரிய பிழை இங்கேதான் ஒளிந்திருக்கிறது. 300 கெல்வின் சுற்றுப்புறத்தில் கதிர்வீச்சுக்கான வெப்பப் பரிமாற்றக் கெழு, கரும்பொருள் பரப்புக்குச் சதுர மீட்டருக்கு டிகிரிக்கு 6.1 வாட். சுவரில் இயல்பாக எழும் வெப்பச்சலனத்தின் கெழு பொதுவாக 2 முதல் 4 வரைதான். அதாவது அறைக்குள் பரப்புகளுக்கிடையே வெப்பம் காற்றைவிடக் கதிர்வீச்சின் வழியே அதிகம் நகர்கிறது. கதிர்வீச்சை அணைத்துவிட்டு ஓட்டிய கணிப்பு, எவ்வளவு நுண்ணிய வலையில் ஓட்டப்பட்டிருந்தாலும், கூரைச் சூட்டைப் பற்றி எதையும் சொல்லத் தகுதியற்றது.

கூரைத் தகட்டின் அடிப்பக்கம் 55 டிகிரி, கீழேயுள்ள தரை, சுவர், மனிதர் என எல்லாப் பரப்புகளும் 30 டிகிரி என்று வைப்போம். இந்தச் சராசரி வெப்பநிலையில் கெழு 7.1. துருவேறியோ வண்ணம் பூசியோ இருக்கும் தகட்டின் உமிழ்திறன் (வெப்பத்தைக் கதிர்வீச்சாக விடும் திறன்; கரும்பொருளுக்கு 1) சுமார் 0.9, 240 சதுர மீட்டர் கூரையிலிருந்து கதிர்வீச்சாக மட்டும் சுமார் 38,000 வாட் கீழே வருகிறது. புதிய, பளபளக்கும் துத்தநாகப் பூச்சுத் தகட்டின் உமிழ்திறன் சுமார் 0.25, அப்போது 10,700 வாட். பரப்புகள் சூடேறச் சூடேற இந்த அளவு குறையும் என்பதால் இது மேல் எல்லைக் கணக்கு. ஆனாலும் 120 பேரின் உடல்வெப்பம் 8,400 வாட்தான் என்பதை அருகில் வைத்துப் பாருங்கள். மென்பொருளில் ஒரே ஒரு பெட்டியில் இடும் உமிழ்திறன் எண், மண்டபத்தில் இருக்கும் மனிதர்களைவிடப் பல மடங்கு அதிகமாக விடையை மாற்றுகிறது. பல மென்பொருள்களில் அந்தப் பெட்டியில் முன்னிருப்பாக 0.9 அல்லது 1 என்று இருக்கும். யாரும் தொடாமலேயே அது அறிக்கை வரை போய்விடும்.

ஆகவே ஏணி வைத்து ஏறி, வெயில் நேரத்தில் தகட்டின் அடிப்பக்கத்தில் வெப்பமின் இரட்டையை (தொட்டு அளக்கும் கம்பி வெப்பமானி) ஒட்டி அளந்துகொள்ளுங்கள். தொடாமல் வெப்பநிலையை அளக்கும் அகச்சிவப்புத் துப்பாக்கியைப் பளபளக்கும் தகட்டின் மேல் நம்பாதீர்கள். அது தகட்டில் பட்டுத் திரும்பும் தரையின் வெப்பத்தையே பெரும்பாலும் காட்டும். அந்த இடத்தில் கறுப்பு மின்நாடாவை ஒட்டி, நாடாவின் மேல் அளந்தால் பிழை பெரிதும் குறையும்.

சூரியனின் திசையையும் சரிபாருங்கள். வடக்கு அரைக்கோளத்தில் எழுதப்பட்ட பயிற்சிக் கோப்புகளை அப்படியே எடுத்துக்கொள்பவர்கள், வெயில் தெற்குச் சுவரில் விழுமாறு விட்டுவிடுவதுண்டு. டர்பன் தென் அட்சம் 29.9 டிகிரியில் இருக்கிறது. நண்பகல் சூரியன் ஆண்டு முழுவதும் வடக்கில்தான் நிற்கும். டிசம்பர் கடைசியில் அதன் உயரம் 83.5 டிகிரி, ஜூனில் 36.7 டிகிரி. மென்பொருள் காட்டும் எண்ணை இவற்றோடு ஒப்பிட்டாலே போதும்.

ஏழாம் படி: வெளிக்காற்று

டர்பன் கரையில் காற்று பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும், கரையோரமாகவே வீசும். வானிலைத் தரவு விமான நிலையத்திலிருந்து கிடைக்கும்; கிங் ஷாகா விமான நிலையம் நகருக்கு வடக்கே லா மெர்சியில், திறந்த வெளியில் உள்ளது. சாட்ஸ்வர்த்தோ நகருக்குத் தென்மேற்கே, குன்றும் சரிவுமாக, வீடுகள் நெருங்கி நிற்கும் பகுதி. 10 மீட்டர் உயரத்தில் அங்கே அளந்த வேகத்தை இங்கே 3 மீட்டர் உயரச் சன்னலின் முன் அப்படியே வைப்பது பெரும் பிழை. மண்டபத்தின் கூரைமேல் ஒரு சிறிய காற்றுமானியைச் சில வாரங்கள் வைத்து, விமான நிலையத் தரவோடு தொடர்பு காண்பதே நேர்மையான வழி.

வெளிப்புறத்தையும் சேர்த்துக் கணிக்கும்போது, ஐரோப்பிய காஸ்ட் 732 திட்டத்தின் வழிகாட்டுதலைப் பின்பற்றலாம்: கட்டட உயரத்தைப் போல் ஐந்து மடங்கு முன்னும் மேலும் பக்கங்களிலும், பதினைந்து மடங்கு பின்னும் இடம் விட வேண்டும், கட்டடம் அடைக்கும் குறுக்குவெட்டு 3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கட்டடம் இல்லாத வெற்று வெளியில் ஒருமுறை ஓட்டி, நுழைவில் கொடுத்த காற்றின் வேக அமைப்பு கட்டடம் நிற்க வேண்டிய இடம் வரை மாறாமல் வருகிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் முதல்முறை வராது. தரையின் சொரசொரப்பு அளவைத் திருத்த வேண்டியிருக்கும்.

வர்லிபேர்டை வெறும் ஓட்டையாகவும் வரையாதீர்கள், மின்விசிறியாகவும் வரையாதீர்கள். உற்பத்தியாளர் தரும் காற்றளவு எந்தக் காற்று வேகத்தில், எந்த வெப்பநிலை வேறுபாட்டில் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எட்டாம் படி: அளந்து ஒப்பிடுங்கள்

மண்டபம் ஏற்கெனவே நிற்கிறது என்றால், கணிப்பை அளவீட்டோடு ஒப்பிடாமல் விடுவதற்கு நியாயமே இல்லை. காற்று மாற்றத்தை அளக்க எளிய கருவி கரியமில வாயு மானி. மக்கள் வெளியேறிய பின் வாயு குறையும் வேகத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். வெளிக்காற்றில் 420 பிபிஎம் (பத்து லட்சத்தில் 420 பங்கு). உள்ளே 1,400 இருந்தது பத்து நிமிடத்தில் 700 ஆகிறது என்று வைப்போம். வெளி அளவைக் கழித்தால் 980, 280, விகிதம் 3.5, அதன் இயல் மடக்கை 1.25. ஆறால் பெருக்க, மணிக்கு 7.5 காற்று மாற்றங்கள்.

மானிக்கும் பிழை உண்டு. கடைசி அளவீட்டில் மட்டும் 50 பிபிஎம் பிழை இருந்தால், விடை 6.5இலிருந்து 8.7 வரை எங்கும் இருக்கலாம். ஆகவே இரண்டு புள்ளிகளை மட்டும் எடுக்காமல், நிமிடத்துக்கு ஒன்றாக எடுத்து நேர்கோடு பொருத்துங்கள். எல்லா மானிகளையும் அளவீட்டுக்கு முன்பும் பின்பும் வெளிக்காற்றில் அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். லிமா நகரின் எட்டு மருத்துவமனைகளில் இதே வாயுவை வைத்து அளந்து 2007இல் வெளியான ஆய்வில், உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் கொண்ட பழைய கூடங்கள் நவீன இயந்திரக் காற்றோட்ட அறைகளைவிட நன்றாகக் காற்று மாற்றுவது தெரியவந்தது. எளிய கருவி கவனமாகக் கையாளப்பட்டால் எவ்வளவு பெரிய செய்தியைத் தரும் என்பதற்கு அது சான்று.

இங்கே ஒரு நுட்பத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். மக்கள் வெளியேறியதும் மண்டபத்தின் 8,400 வாட்டும் வெளியேறிவிடுகிறது. வெப்பத்தால் ஓடும் காற்று அப்போதே தளரத் தொடங்கும். ஆகவே காலி மண்டபத்தில் அளந்த எண்ணை, 120 பேர் அமர்ந்திருப்பதாக ஓட்டிய கணிப்போடு ஒப்பிடக் கூடாது. கணிப்பை அளவீட்டு நேரத்தின் நிலைமைக்கு மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். அல்லது மக்கள் இருக்கும்போதே நிலைபெற்ற வாயு அளவைக் குறிக்க வேண்டும். அமர்ந்திருப்பவர் வெளிவிடும் கரியமில வாயு நொடிக்குச் சுமார் 0.0052 லிட்டர் என்பதால், நம் கைக்கணக்கின் காற்றளவில் உள்ளே வெளியைவிட 345 பிபிஎம் கூடுதலாக நிலைபெற வேண்டும். கொள்ளளவைக் காற்றளவால் வகுத்தால் சுமார் ஒன்பது நிமிடம். அதன் மூன்று மடங்கு, அதாவது அரைமணி நேரம் கூட்டம் மாறாமல் இருந்தால்தான் அந்த அளவு நிலைபெறும். பந்தி மாறும் நேரத்தில் எடுத்த அளவு பயன்படாது.

வெப்பமானிகளுக்கு அலுமினியத் தாளால் நிழல் கட்டுங்கள். சூடான கூரையைப் பார்த்துத் தொங்கும் மானி காற்றின் வெப்பநிலையைக் காட்டாது. ஒரே கம்பத்தில் 0.1, 0.6, 1.1, 1.7, 3 மீட்டர் உயரங்களில் மானிகளைக் கட்டினால் அடுக்குகள் தெரியும். நொடிக்கு 0.1 மீட்டருக்குக் கீழே சாதாரண வெப்பக்கம்பிக் காற்றுமானிகளின் எண்களை ஒப்பீட்டுக்கு எடுக்காதீர்கள்.

இனி ஒப்பீடு. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் 2009இல் வெளியிட்ட வி-அண்ட்-வி 20 தரநிலை இதற்குத் தெளிவான முறை தருகிறது: கணிப்புக்கும் அளவீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, எண்ணியல் பிழை, உள்ளீட்டுப் பிழை, அளவீட்டுப் பிழை ஆகிய மூன்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்த அளவோடு வைத்துப் பார்க்க வேண்டும். நம் மண்டபத்தில் கணிப்பு 4.0 டிகிரி, அளவீடு 5.1 டிகிரி என்று வைப்போம். வலைப் பிழை 0.4, உள்ளீடுகளால் 1.0, மானிகளால் 0.5 என்றால், மொத்த வரம்பு 1.2 டிகிரி. வேறுபாடு 1.1. எனவே மாதிரி தவறு என்று சொல்ல இடமில்லை; ஆனால் அது 1.2 டிகிரிக்குள் சரியென்று மட்டுமே சொல்ல முடியும், அதற்கு மேல் இல்லை. இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் இந்தக் கணக்கிலேயே தெரிகிறது: வலையை இரட்டிப்பாக்கி 0.4ஐ 0.2 ஆக்கினாலும் மொத்தம் 1.1தான் ஆகும்; சன்னல் திறப்பை நன்றாக அளந்து 1.0ஐப் பாதியாக்கினால் மொத்தம் 0.8 ஆகிவிடும்.

அளவீட்டோடு பொருந்தும்வரை வெளியேற்றக் கெழுவையோ உமிழ்திறனையோ திருகிக்கொண்டே போவது ஒப்பீடு ஆகாது. திருத்துவதென்றால் ஒரு நாளின் அளவீட்டை வைத்துத் திருத்தி, வேறொரு நாளின் அளவீட்டில் எதையும் தொடாமல் சோதியுங்கள்.

ஒன்பதாம் படி: அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்

வண்ணப்படங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் படத்துக்கு முன்பாக ஒரு பக்கத்தில் இவை இருக்கட்டும்: கேட்ட கேள்வி, கைக்கணக்கின் விடை, கணிப்பின் விடையும் பிழை வரம்பும், அந்தப் பிழையில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறது, எந்த உள்ளீடுகள் அளக்கப்பட்டவை, எவை எடுகோள்கள். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது பிழைகளில் பல இரண்டுக்கும் பொதுவாக இருப்பதால், 'இரண்டாவது திட்டம் முதலாவதைவிட எவ்வளவு குளிர்ச்சி' என்ற விடை தனித்தனி வெப்பநிலைகளைவிட நம்பகமானது. குழுவினர் தீர்மானிக்க வேண்டியதும் பெரும்பாலும் அதுதான். ஆகவே அறிக்கையை அந்த வேறுபாட்டைச் சுற்றியே எழுதுங்கள்.

வலைக் கோப்பு, உள்ளீட்டுக் கோப்புகள், மென்பொருளின் பதிப்பு எண், அளவீட்டு நாளின் சன்னல் நிலை, கூடியிருந்தோர் தொகை, வெளிக்காற்று ஆகிய எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்துக் குழுவின் செயலாளரிடம் கொடுத்துவிடுங்கள். சில ஆண்டுகளில் கூரைக்கு வண்ணம் பூசுவார்கள் அல்லது தகட்டின் கீழ் வெப்பத்தடுப்புப் பலகை அடிப்பார்கள். அப்போது வருகிற பொறியாளர் ஆறாம் படியிலிருந்து மட்டும் வேலையைத் தொடங்கினால் போதும்.